பதினான்காம் எண் ஸ்வெட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம், முழங்காலும் மழை இல்லாத நாட்களில் நலம்தான். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கிடைத்த ஓய்வில் ஒழுங்காகத் தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனா மூடியைத் திறக்கிறேன். போனில் சொல்லிவிடலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லாதீர்கள், இதைச் சொல்லாதீர்கள் என்று என் கையைக் கிள்ளுகிறாள், கடிதத்தைக் கிள்ள முடியாது அல்லவா. அண்ணனும் அண்ணியும் சௌக்கியம். குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரிக்கச் சொன்னால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த மனுஷனுக்கு ஒரு குழாயை மூடத் தெரியவில்லையா என்று உன் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்கிறாள். குழாய் மேலேயும் கீழேயும் போனால் நான் பார்த்துக்கொள்வேன், சும்மா நின்ற இடத்தில் நின்று அழுகிற சாமானுக்கு நான் என்ன செய்ய.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா அடுப்பில் வேலை இருக்கிறது, குளிக்கப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிப் போனை என்னிடம் தள்ளிவிட்டாளே, நீயும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைத் துளைத்தெடுத்தாயே, அதற்குக் காரணம் உண்டு. உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, ஒரு நாள் நீண்ட டியூட்டி முடிந்து களைத்துப்போய் எங்களிடம் பேசினாய். உன் அவசரப் பிரிவுக்கு அன்று ஏதோ ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பெரியவளைக் கொண்டுவந்து விட்டார்கள் என்றும், கண்ணாடி இல்லை, பல்செட் இல்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்றும் சொல்லிவிட்டு, "துணிமூட்டை மாதிரி அனுப்பிடறாங்கம்மா" என்றாய். நீ உன் ஆற்றாமையில் சொன்னாய். ஆனால் கேட்டவள் பதினோரு வருஷமாக ஒரு முதியோர் இல்லத்தில் சலவை அறையைப் பார்த்துக்கொள்கிறவள். துணிமூட்டை என்றதும் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நாங்கள் மூட்டையாகவா அனுப்புகிறோம், படித்த திமிர் என்று அன்று முழுவதும் முணுமுணுத்தாள். உன் அம்மாவின் கோபம் உனக்குத் தெரியும், பால் மாதிரி பொங்கி அடங்குகிற ரகம் இல்லை, ஊறவைத்த பயறு மாதிரி நாளுக்கு நாள் பெருக்கிற ரகம். நானும் நடுவில் தலையைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்று இந்தக் கடிதத்தை எழுதத் தலை இருந்திருக்காது.

இது நடந்து ஒன்பதாம் நாள். உன் அம்மாவின் இல்லத்தில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லோர் துணியும் ஒரே இயந்திரத்தில் போவதால் மாறிவிடக்கூடாது என்று காலருக்குள் அறை எண்ணைச் சிவப்பு நூலில் தைத்து வைப்பது உன் அம்மா கொண்டுவந்த ஏற்பாடு. ஒன்பதாம் அறையில் இருப்பவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எல்லோருக்கும் அவர் கண்டக்டர் ஐயாதான், அவருடைய சொந்தப் பெயர் அங்கே ஒருவர் வாயிலும் வராது. ஆள் குட்டை, வாய் நெட்டை. காலை ஏழு மணிக்கே நடைவழியில் நின்றுகொண்டு, தான் வண்டியில் போன வழியின் நிறுத்தங்களை வரிசையாகக் கூவி எல்லோரையும் எழுப்பிவிடுவார். பதினான்காம் அறையில் இருப்பவர் கணக்கு வாத்தியார். பாவம், அவருக்கு நினைவெல்லாம் போய் மூன்று வருஷம் ஆகிறது, பேச்சு இல்லை, ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு, பகலில் பாதி நேரம் உறக்கம். அன்று காலையில் கண்டக்டர் ஐயா குளிர்கிறது என்றார். அவருடைய ஸ்வெட்டர் ஈரமாக இருந்தது. உன் அம்மா தேய்த்து மடித்து வைத்திருந்த வாத்தியாருடைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுவிட்டு, நீளமாக இருந்த கையை இரண்டு மடிப்பு மடித்தும் விட்டாள். சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் அதற்கும் சும்மா இருக்கவில்லை, ஓசி ஸ்வெட்டருக்கு யார் டிக்கெட் எடுப்பது என்று சண்டை போட்டிருக்கிறார்.

பதினோரு மணிக்கு அவர் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். எழுப்பினால் கண்ணைத் திறக்கிறார், உடனே மூடிக்கொள்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது. நர்ஸ் அவருடைய ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடினாள், ஆனால் வாசல் கதவின் தாழைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், பக்கத்தில் நின்ற துணித் தள்ளுவண்டியின் மேல் ஃபைலை வைத்தாள். வண்டி சலவை அறைக்குப் போய்விட்டது, ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. கூடப் போக ஆள் இல்லை. பெயர் என்ன என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டதற்கு யாரோ கண்டக்டர் ஐயா என்றார்களாம், அவரும் பெயர் என்ற இடத்தில் கண்டக்டர் என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நாடி சரி, ரத்த அழுத்தம் சரி, ஆனால் ஆள் பேசவில்லை. இது புதிதாக வந்ததா, வழக்கமே இப்படியா என்று தெரியவேண்டுமே. சட்டைப்பையில் சீட்டு இல்லை, மேலே போட்டிருந்த ஸ்வெட்டரின் காலரில் பதினான்கு என்று சிவப்பு நூலில் இருந்தது. உடனே இல்லத்துக்குப் போன் செய்து, பதினான்காம் எண்காரர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று கேட்டிருக்கிறார்கள். போனை எடுத்த கிளார்க் அப்போதுதான் வேலைக்கு வந்தவர், யாரைக் கொண்டுபோனார்கள் என்று அவருக்குத் தெரியாது. பதினான்காம் பக்கத்தைப் புரட்டி, நினைவு இல்லை, பேச்சு இல்லை, எப்போதும் உறக்கம்தான் என்று சுத்தமாக வாசித்துக் காட்டிவிட்டார். அப்படியென்றால் இவருக்கு அவசரம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை நடைவழிச் சுவரோரமாக நகர்த்திவிட்டு, அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்கள். நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றரை மணிக்கு உன் அம்மா துணிகளை எண்வாரியாகப் பிரிக்க உட்கார்ந்தாள். விரிப்புகளைத் தூக்கினால் அடியில் ஃபைல். அதை எடுத்துக்கொண்டு கிளார்க்கிடம் ஓடியிருக்கிறாள். அவரோ கவலைப்படாதீர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பதினான்கைப் பற்றிக் கேட்டார்கள், எல்லா விவரமும் நான் போனிலேயே சொல்லிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாராம். உன் அம்மா திரும்பிப் பார்த்தாள். பதினான்காம் அறை வாத்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊட்டிவிட்ட சூப்பை விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் தன் வயிற்றுக்குள் என்னவோ அறுந்து விழுந்தது என்று என்னிடம் சொன்னாள். லிஃப்ட் வேலையில் நான் முப்பத்து நான்கு வருஷம் பயந்துகொண்டிருந்ததும் அப்படி ஒன்று அறுந்து விழுவதற்குத்தான், அதனால் எனக்கு அது நன்றாகப் புரிந்தது. இங்கிருந்தே போனில் சொன்னால் எண்ணை மாற்றிச் சொல்கிறாள் என்று மறுபடியும் குழம்புவார்கள் என்று நினைத்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், சோப்பு நுரை காயாத கையோடு கிடைத்த வண்டியில் ஏறிவிட்டாள். வாசலில் காவல்காரர் நோயாளி பெயர் என்ன என்று மறித்திருக்கிறார். பதினோரு வருஷம் அவர் சட்டையைத் துவைத்தவளுக்குப் பெயர் தெரியவில்லை. ஃபைலைத் திறந்து, எழுத்துக் கூட்டி வாசித்துச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

சுவரோரம் அவர் அப்படியே கிடந்தார், ஸ்வெட்டர் கை இரண்டு மடிப்போடு. பக்கத்தில் போன ஒரு சின்ன வயது டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தி, உன் அம்மா சொன்னாள்: "இவரு இன்னைக்குக் காலையில எங்கிட்ட சண்டை போட்டாருங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாத ஆளு இவரு. இது இவரு இல்ல." அந்தப் பிள்ளை ஒரு விநாடி இவளைப் பார்த்துவிட்டு, குனிந்து அவருடைய கண் இமைகளைத் தூக்கிப் பார்த்ததாம், உடனே ஆட்களைக் கூப்பிட்டதாம். இரண்டு நாள் முன்னால் அவர் குளியலறையில் வழுக்கி லேசாகத் தலையை இடித்துக்கொண்டது ஃபைலில் இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதும் அதிலேயே இருந்தது. ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்கமாட்டார் என்று அந்த டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் முடிகிறவரை உன் அம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஸ்வெட்டரை மடியில் வைத்து, மடிப்பு மடிப்பாக நீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பொண்ணு சொன்னது சரிதாங்க. மூட்டையாத்தான் அனுப்பியிருக்கோம்" என்றாள். அதுவரை கோபத்தில் உன் போனுக்கு வராதவள், அன்றிலிருந்து வெட்கத்தில் வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்கு நான் முக்கியமாக எழுத வந்தேன். ஆஸ்பத்திரிக்காரர்களும் இல்லத்துக்காரர்களும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் இல்லத்து மேனேஜர் அம்மா உன் அம்மாவைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ்காரர்கள் பெயரைச் சரியாக எழுதவில்லை என்று மட்டும் சொல்லிவிடலாம், ஸ்வெட்டர் கதையெல்லாம் எதற்கு, உனக்கும் வேலை இருக்கவேண்டாமா என்று நைசாகச் சொல்லியிருக்கிறார். அது மிரட்டலா கரிசனமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவில்லை. நான் கோழை, உனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு இரு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று நானும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு காகிதத்தை வாசித்தார்களாம். கடைசி நாற்காலியில் இருந்த உன் அம்மா எழுந்து, ஸ்வெட்டரைப் போட்டுவிட்டது நான்தான், ஆளுக்கு எண் தைத்ததும் நான்தான், தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும் என்றாளாம். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அங்கிருந்த ஹெட் நர்ஸே பிறகு என்னிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டியது இது. "இப்போ எப்படி இருக்காங்கன்னு நீங்க மெஷின் வெச்சுப் பாத்துடுவீங்க. நேத்து எப்படி இருந்தாங்கன்னு எங்களுக்குத்தான் தெரியும். எங்களைக் கேளுங்க. துணி துவைக்கிறவ, ஊட்டி விடுறவ, கூட்டுறவ, எங்களையும் கேளுங்க."

அவசரப் பிரிவின் தலைமை டாக்டர் ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருக்கும், எழுந்து வந்து உன் அம்மாவை முன்வரிசைக்கு அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாளாம். இதெல்லாம் யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்றும் கேட்டிருக்கிறாள். அதற்கு உன் அம்மா, என் மகளும் உங்களை மாதிரி அவசரப் பிரிவில் டாக்டர், அவள்தான் திட்டினாள் என்றாளாம். பார்த்தாயா, இரண்டு மாதமாக உன்னோடு பேசாதவள், ஊரார் முன்னால் உன்னைத்தான் இழுத்துப்போட்டுப் பெருமை அடித்திருக்கிறாள்.

அடுத்த பதினைந்து நாள் நம் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே அனுப்ப, இல்லத்தில் ஒரு ஆளுக்கு ஒரு தாள், ஒரே பக்கம், அவ்வளவுதான். நோய் பெயரெல்லாம் நர்ஸ் எழுதுவாள், மற்றதை அவரைத் தினமும் பார்க்கிறவர்கள் சொல்லவேண்டும். எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் நின்று பேசவேண்டும், பல்செட் எந்த டப்பாவில், தானாக நடப்பாரா பிடித்துக்கொண்டா, பயந்தால் என்ன சொன்னால் அடங்குவார், வலித்தால் கத்துவாரா ஊமையாகிவிடுவாரா, உயிர் போகிற நிலை வந்தால் என்ன செய்யவேண்டும் செய்யவேண்டாம் என்று அவர் வாயாலேயே என்ன சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி, நேற்று எப்படி இருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் தினமும் அழித்து அழித்து பென்சிலால் எழுதவேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் நானும் முதலில் காவலாளியிடம், நேற்று என்ன சத்தம் போட்டது என்றுதான் கேட்பேன், அதை நான் ஒரு தரம் சொல்லப்போக, இத்தனை வருஷத்தில் நீங்கள் சொன்ன ஒரே உருப்படியான பேச்சு என்று உன் அம்மா சான்றிதழ் கொடுத்தாள். அவள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பதால் நாற்பத்திரண்டு தாளையும் எழுதியது உன் அப்பன். அதையும் குறித்துக்கொள்.

இப்போது தாள் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, ஆள் போனால் தாளும் போகும், அவரைத் தெரிந்த ஒருவர் ஆம்புலன்ஸில் கூடப் போவார், ஆஸ்பத்திரியில் இவர்களுக்கென்று நேராக எடுக்கிற ஒரு போனும் ஒரு நர்ஸும் உண்டு. சில சமயம் அந்த நர்ஸ் போனிலேயே கேட்டுவிட்டு, இவரை இங்கே கொண்டுவந்து அலைக்கழிக்கவேண்டாம், டாக்டரை அங்கே அனுப்புகிறேன் என்கிறாள். போன வாரம் ரேடியோப் பாட்டிக்கு, அதாவது தூங்கும்போதும் ரேடியோவை விடாத இருபதாம் அறை அம்மாளுக்கு, நெஞ்சு வலி வந்தது. தாளில் எழுதியிருந்தபடி இடது காதுப் பக்கம் ரேடியோவை வைத்ததும், கையை உதறிக்கொண்டிருந்தவள் ஊசி போட விட்டுவிட்டாளாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு இல்லத்துக்கே திரும்பிவிட்டாள். சுற்றுவட்டாரத்தில் இன்னும் பதினோரு இல்லங்களுக்கு இந்தத் தாளை அனுப்பப்போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறாய், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட உன் அம்மாவைத்தான். மேனேஜர் அம்மாவே கூட்டிக்கொண்டு போகிறாராம். நீ வாங்கி அனுப்பின நீலச் சால்வையை, பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாளே, அதை எடுத்து வெயிலில் காயவைத்திருக்கிறாள். எனக்கு இங்கே கால் தரையில் பாவவில்லை. கடைக்குப் போனால் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிவிட்டு வருகிறேன்.

கண்டக்டர் ஐயா மூன்றரை வாரம் கழித்து, மொட்டைத் தலையும் தையலுமாகச் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். வாசலில் எல்லோரும் கூடி நின்று வழியை அடைத்துக்கொண்டார்கள். அவர் குரல் தேய்ந்துதான் இருந்தது, ஆனாலும் கையைத் தூக்கி, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் இருக்கு" என்றார். உன் அம்மா துணித் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அன்றிலிருந்து எண்களையெல்லாம் பிரித்துவிட்டுப் பெயர்களைத் தைக்கிறாள். கண்டக்டருடைய பெயர் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிந்தது, காலரில் இடம் போதாமல் முதுகுப் பக்கம் இறங்கிவிட்டது.

நாற்பத்திரண்டும் முடிந்த பிறகு ஒரு தாளை அவளே எழுதினாள், என்னிடம் கொடுக்கவில்லை. எனக்காக இருக்கும் என்று நினைத்து ஆசையாக எட்டிப் பார்த்தேன். அது உனக்கு. அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறாளே, அவளுக்கு ஒன்று என்றால் அவளைப் பற்றிச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள் என்றாள். இதோடு மடித்து வைத்திருக்கிறேன், அந்தக் கோழிக் கிளறலை நீதான் வாசித்துக்கொள்ளவேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று இருக்கிறது. வலித்தால் சொல்லமாட்டாள், பேசாமல் இருந்தால் வலிக்கிறது என்று அர்த்தம் என்று இருக்கிறது. பயந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள், உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று இருக்கிறது. டாக்டருக்கே சீட்டா என்று சிரிக்காதே, நீ கைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும், இது என் கட்டளை. முதல் வரியை மட்டும் அவள் எழுதவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நேத்து எப்படி இருந்தாள்னு எனக்கு எப்படிங்க தெரியும், நான்தான் போனை எடுக்கலையே" என்றாள்.

அதனால் இது கையில் கிடைத்த அன்றைக்கே போன் செய். நான் எடுக்கமாட்டேன், அவள்தான் எடுப்பாள், பென்சிலைப் போன் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு, உன் கைபட்டவர்கள் எழுந்து நடக்கட்டும். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே. நேற்று நீ எப்படி இருந்தாய் என்பதை உன் அம்மாவிடம் சொல்.

பெருமையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருக்கும்,
உன் அப்பா